ஒன்பது ஆள், பத்துத் திருப்பம்

மனிதர்களை முகத்தைப் பார்த்து எடைபோடுகிறவர்கள் உண்டு. நடையைப் பார்த்து எடைபோடுகிறவர்களும் உண்டு. அவருக்கு மோட்டார் சைக்கிளின் சீட்டைக் காட்டினால் போதும். முப்பது வருடமாகச் சீட் தைக்கிறவர். முன்பக்கம் மட்டும் நசுங்கியிருந்தால் ஆள் அவசரக்குடுக்கை. ஓரம் பிய்ந்திருந்தால் வீட்டில் பல் முளைக்கிற குழந்தை இருக்கிறது. ஓட்டுகிறவர் உட்காரும் இடம் குழிவிழுந்து, பின்னால் உட்காரும் இடம் நேற்றுத்தான் வாங்கிய மாதிரி இருந்தால், அந்த வீட்டுக் கதையைக் கேட்காமல் இருப்பதே மரியாதை. அவருடைய சொந்த வண்டியின் சீட் அப்படிப்பட்டதுதான்.

உதிரிபாகக் கடைகள் வரிசையில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே மிச்சம் விழுந்த சந்து ஒன்று உண்டு. அதற்கு ஒரு கதவு போட்டால் அதுதான் அவர் கடை. ஒரு தையல் மெஷின், ஒரு பெஞ்சு, ஆணியில் தொங்கும் தோலுரித்த சீட்டுகள், காலடியில் ஸ்பாஞ்சுத் துணுக்குகள். பசை வாசனை சட்டையில் ஏறி, எத்தனை துவைத்தாலும் இறங்குவதில்லை. அந்த மெஷினை மிதித்தே மூன்று தங்கைகளைக் கரையேற்றினார். கடைசித் தங்கையை அனுப்பிவிட்டு அப்பாடா என்று உட்கார்ந்தபோது அம்மா படுக்கையில் விழுந்தாள். எட்டு வருடம். அதுவும் முடிந்த பிறகு தங்கைகள் கூடிவந்து அண்ணனுக்கு ஒரு வழி பண்ண வேண்டும் என்று பேசினார்கள். பேசிக்கொண்டே அவரவர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்கள். எல்லாரையும் முன்னால் அனுப்பிவிட்டு விளக்கை அணைத்துக் கதவைச் சாத்துகிற வேலை ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருவர் தலையில் விழும். அந்தத் தலை அவருடையது.

ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி ஓட்டும் ஒரு கிளப்பில் அவர் உறுப்பினர். அங்கேயும் பாருங்கள், அவருக்குக் கிடைத்த வேலை கடைசி வண்டி. பதினோரு வருடமாக அதே வேலை. அதனால் அவரைக் கிளப்பில் எல்லாரும் கடைசியார் என்றே கூப்பிட்டார்கள். அந்த 'ஆர்' இருந்ததால் அவரும் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

கடைசி வண்டி என்றால் சும்மா பின்னால் வருவது இல்லை. நாற்பது வண்டி ஒரே கூட்டமாகப் போக முடியாது, சிக்னலில் அறுந்துபோகும். அதற்காகக் கிளப்பில் ஒரு முறை வைத்திருந்தார்கள். வழி தெரிந்தவர் ஒருவர், முன் வண்டி மட்டும். ஒவ்வொரு திருப்பம் வரும்போதும் அவர் தமக்கு அடுத்து வருகிறவரைப் பார்த்துக் கை நீட்டுவார். அந்த ஆள் அங்கேயே இறங்கி நின்று, பின்னால் வருகிறவர்களுக்கு வழி காட்ட வேண்டும். அதற்குக் 'கம்பம் நிற்பது' என்று பெயர். கடைசி வண்டியின் ஆரஞ்சு ஜாக்கெட் கண்ணில் படும்வரை கம்பம் நகரக் கூடாது. ஜாக்கெட்டைப் பார்த்ததும் கடைசி வண்டிக்கு முன்னால் சேர்ந்துகொண்டு கிளம்பலாம். மழை நாளில் முந்துவது கிடையாது; சேர்ந்த இடத்திலேயே வர வேண்டும். விதி இவ்வளவுதான். ஆனால் அதைப் பெற்ற தாய் சொன்னதுபோலக் காப்பாற்றினார்கள். ஒரு தடவை ஒருவர் பக்கத்துக் கடையில் டீ குடிக்க நகர்ந்தார். பன்னிரண்டு வண்டி வேறு மாவட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த டீயை இன்றைக்கும் அவருக்குச் சொல்லிக்காட்டுகிறார்கள்.

முன் வண்டி டீச்சர். பள்ளிக்கூட டீச்சர் இல்லை, டிரைவிங் ஸ்கூல் டீச்சர். கணவர் போன பிறகு ஸ்கூலை மூடிவிடுவார் என்று ஊரே சொன்னது. அவரோ கணவரின் நாற்காலியைத் துடைத்துப் போட்டு உட்கார்ந்து, இந்த ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஒரு காலை எப்போதும் இரண்டாவது பிரேக்கின்மேல் தூக்கி வைத்தே பழக்கம், அதனால் அவர் வண்டி சீட் ஒரு பக்கமாகத்தான் தேயும். அந்தத் தேய்மானத்தைக் கடைசியார் மூன்று தடவை சரிசெய்திருந்தார்.

அவருக்கு டீச்சர்மேல் மனசு போனது சீட்டினால் இல்லை, ஒரு பட்டியலினால். வருடத்துக்கு ஒரு தடவை சனி ஞாயிறு இரண்டு நாளும் கூடாரம் அடித்துத் தங்கும் முகாம் நடக்கும். முதல் முகாமில் பஞ்சரான வண்டிகளையெல்லாம் கூட்டிக்கொண்டு கடைசியார் போய்ச் சேர்ந்தபோது இருட்டத் தொடங்கிவிட்டது. சாப்பிட்டவர்கள் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஒரு மடக்கு நாற்காலியில் டீச்சர் மட்டும் மடியில் பட்டியலோடு உட்கார்ந்திருந்தார். அவர் பெயருக்கு நேரே டிக் போட்டு, "எல்லாரும் வந்தாச்சு" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் தம் தட்டை எடுத்தார்.  கடைசியார் வருகிறாரா என்று பார்த்துக்கொண்டு சாப்பிடாமல் ஒரு ஜீவன் உட்கார்ந்திருந்தது அவர் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. அடுத்தடுத்த வருடமும் அதே நாற்காலி, அதே டிக். அந்த ஒரு டிக்குக்காக அவர் வருடம் முழுக்கச் சீட் தைத்தார் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், உண்மை அதுதான்.

ஆனால் கிளப்பின் கொடுமையைப் பாருங்கள். முன் வண்டி ஒரு கோடி, கடைசி வண்டி மறு கோடி. நடுவே நாற்பது வண்டிப் புகை. ஒரே பயணத்தில் போகிற இரண்டு பேர் நாள் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போக வேண்டுமானால் இதைவிட நல்ல ஏற்பாடு யாரும் செய்ய முடியாது. டீச்சரே ஒரு தடவை கேட்டார். முகாம் முடிந்து கயிறு சுற்றிக்கொண்டிருந்தபோது, அடுத்த வருஷம் முன்னால் என்கூட வாருங்களேன், வழி பார்க்க இரண்டு கண் போதவில்லை என்றார். கடைசிக்கு ஆள் வேண்டுமே டீச்சர் என்றார் இவர். அதற்கு மறுவருடமும் கேட்டார், அதே பதில். மூன்றாம் வருடம் கேட்டபோது எதை வேண்டாம் என்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது. ஆனாலும் வாய் பழகின பதிலைச் சொல்லிவிட்டது. போன வருடம் டீச்சர் கேட்கவில்லை. கயிற்றைச் சுற்றி முடித்துவிட்டு, வரட்டுமா என்று போய்விட்டார். பழத்தை உரித்து வாயருகே கொண்டுவந்தால் பல் விளக்கவில்லை என்கிற ஜாதி சில பேர் உண்டு. நம்மவர் அந்த ஜாதி.

இந்த வருடம், முகாமுக்குப் பத்து நாள் முன்னால், டீச்சர் கடைக்கு வந்து வண்டிச் சீட்டைக் கழற்றி பெஞ்சில் வைத்தார். நல்ல அழுத்தமாகத் தைக்க வேண்டும், தூரம் போகிறேன் என்றார். எவ்வளவு தூரம் என்று கேட்டதற்கு, நானூற்று எண்பது கிலோமீட்டர் என்றார். மகன் அங்கே வேலையில் இருக்கிறான், மருமகளுக்கு இது பிரசவ மாதம், ஸ்கூலையும் விலைபேசி முடித்தாயிற்று. முகாம் முடிந்த திங்கட்கிழமை கிளம்புகிறார். இதையெல்லாம் சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்தார். கடைசியார் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஸ்பாஞ்சும் மாற்ற வேண்டியிருக்கும் என்றார்.

ஒரு நாள் வேலை அது. பத்து நாள் ஆகும் என்று சொல்லி, அதுவரை ஓட்ட ஒரு பழைய சீட்டை மாட்டிவிட்டார். நாலாம் நாள் டீச்சர் வந்து கேட்டபோது, தைத்து முடித்த சீட் சாக்குத் துணிக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு நாள் என்றார். ஏழாம் நாளும் அதே கதை. கடையில் ஆள் இல்லாத மத்தியானங்களில் துணியை விலக்கி அந்தச் சீட்டைப் பார்ப்பார். பிரித்து மறுபடியும் தைக்கலாமா என்று தோன்றும். கொடுத்துவிட்டால் டீச்சர் இந்தக் கடைக்கு வருவதற்கு வேறு காரணம் இல்லை.

முகாம் வேலை முழுவதும் எப்போதும்போல அவர் தலையில்தான். நாற்பத்து மூன்று பேர் பதிந்திருந்தார்கள். புதன்கிழமை வானம் கறுத்தது. வியாழன் கொட்டியது. வெள்ளிக்கிழமை வானிலை அறிவிப்பைக் கேட்டதும் கைபேசி ஓயவில்லை. ஒருவருக்குப் பல்வலி, ஒருவருக்கு மாமனார் வந்துவிட்டார், ஒருவருக்கு ரெயின்கோட் அளவு சரியில்லையாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மத்தியானத்துக்குள் முப்பத்திரண்டு பேர் கழன்றுகொண்டார்கள். கடைசியில் டீச்சர் கூப்பிட்டு, நடத்தலாமா வேண்டாமா என்று கேட்டார். தூறலுக்கே தள்ளிவைக்கலாம் என்று சொல்கிற ஆள் இவர். நடத்தலாம் என்று தம் வாய் சொன்னதைத் தாமே கேட்டார். சரி என்று டீச்சர் யோசிக்காமல் சொன்னார். அந்த அவசரத்தை இவர் அப்போது கவனிக்கவில்லை.

முகாம் இடம் ஏரியை ஒட்டிய மைதானம். வெள்ளிக்கிழமையே சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டு போனார். மைதானத்தில் கணுக்கால் தண்ணீர். இதில் மாடுகூட இறங்காது என்று காவல்காரர் தலையில் அடித்துக்கொண்டார். பெருந்தன்மையோடு, ஓரத்து மேட்டையும் பழைய சாமான் கொட்டகையையும் திறந்துவிட்டார். சேற்றில் முளை நிற்கவில்லை. அடிக்க அடிக்கப் பிடுங்கிக்கொண்டு வந்தது. பழைய டயர்களில் கல்லை நிரப்பி, கூடாரக் கயிறுகளை அவற்றில் கட்டினார். படுக்கிற இடத்தில் மரச்சட்டங்களைப் பரப்பினார். சுற்றிலும் மண்வெட்டியால் வாய்க்கால் கீறினார். சீட் தைத்து மிஞ்சிய ரெக்சின் துண்டுகளையெல்லாம் சேர்த்து அவரே தைத்த பெரிய விரிப்பை அடுப்புக்கு மேல் இழுத்துக் கட்டினார். ஐந்து நிறம், ஒட்டுப்போட்ட கந்தல். ஆனால் ஒரு சொட்டு ஒழுகவில்லை. ரொட்டி, முட்டை, வெங்காயம், காபித்தூள் எல்லாவற்றையும் மூடிவைத்துவிட்டு, வாசலில் அந்த மடக்கு நாற்காலியைப் போட்டுப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை இதை மடக்கினால் அடுத்த வருடம் இதில் யார் உட்காருவார்கள் என்று நினைத்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இன்னொரு வாய்க்கால் வெட்டப் போய்விட்டார். அங்கே வாய்க்கால் தேவையே இல்லை.

சனிக்கிழமை காலை பெட்ரோல் பங்கில் சேர்ந்தவை பதினோரு வண்டிகள். டீச்சர், கடைசியார், மற்றவர்கள் ஒன்பது பேர். வழக்கமான சாலையில் தரைப்பாலம் முழுகிவிட்டது என்று செய்தி வந்தது. டீச்சரும் கிளப் பொருளாளரான பல் டாக்டரும் பங்கின் கூரைக்கடியில் வரைபடத்தை விரித்துப் பார்த்தார்கள். கல்குவாரி வழியாகப் போவது என்று டீச்சர் முடிவு சொன்னார். கடைசியார் அந்தப் பேச்சில் தலையிடவில்லை. எந்த வழியாகப் போகிறோம் என்று அவர் எப்போதும் கேட்டதில்லை. நீட்டிய கைகளைப் பார்த்துத் திரும்புவதே அவருக்குப் பழக்கம்.

மழை நேராக விழாமல் பக்கவாட்டில் அறைந்தது. முதல் திருப்பத்தில் டாக்டர் கம்பமாக நின்றுகொண்டிருந்தார். இரண்டாவதில் போட்டோ ஸ்டுடியோக்காரர். இருவரையும் சேர்த்துக்கொண்டு மூன்றாவதுக்குப் போனால், அங்கே பேக்கரிக்காரர் செத்த வண்டியோடு நின்றுகொண்டிருந்தார். காத்திருந்த நேரத்தில் எஞ்சினை அணைத்திருக்கிறார். மறுபடி உதைத்தால் மூச்சு இல்லை. கடைசியார் பிளக்கைக் கழற்றினார், துடைத்தார், ஊதினார், மாட்டினார். இருமியது, அணைந்தது. கார்புரேட்டரில் தண்ணீர். பக்கத்திலேயே நின்று பேக்கரிக்காரர், இந்த வண்டியை வாங்க வேண்டாம் என்று பெண்டாட்டி சொன்னதை ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரம் போனது. அந்தப் பள்ளத்தில் கைபேசிக்கு உயிர் இல்லை. மீதிப் பேர் அவரவர் திருப்பத்தில் மழையில் நிற்கிறார்கள், ஆரஞ்சு ஜாக்கெட் வராமல் ஒருவரும் நகரப்போவதில்லை.

டாக்டர் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்தினார். வரைபடத்தில் பார்த்தபோது இந்த வழியில் பத்துத் திருப்பம் இருந்தது என்றார். கம்பம் நிற்க ஆள் ஒன்பதுதான். அப்படியென்றால் பத்தாவதில் நிற்பதற்கு டீச்சரை விட்டால் வேறு ஆள் இல்லை.

"இவ்வளவு பெரிய டீச்சர், கூட்டல்ல கோட்டை விட்டுட்டாங்க" என்று அவர் சிரித்தார்.

கடைசியாருக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் பிளக்கை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். எங்கோ முன்னால் ஒரு திருப்பத்தில் டீச்சர் தன்னந்தனியாக மழையில் நிற்கிறார். கடைசி வண்டி வருகிறதா என்று சாலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நாளை மறுநாள் இந்நேரம் நானூற்று எண்பது கிலோமீட்டர் தள்ளிப் போய்விடுவார். கடைசி வண்டியோ இங்கே பேக்கரிக்காரரின் பெண்டாட்டி கதையைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

நின்றுபோன வண்டியை விட்டுவிட்டுக் கடைசி வண்டி போனதாகக் கிளப் சரித்திரத்தில் கிடையாது. பதினோரு வருடத்தில் ஒரு தடவைகூட அவர் அதைச் செய்ததில்லை. நீங்கள் முன்னால் போங்கள், நாங்கள் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வருகிறோம் என்று டாக்டர் சும்மா பேச்சுக்குத்தான் சொன்னார். எப்போதும்போல வேண்டாம் என்று பதில் வரும் என்று நினைத்திருப்பார். கடைசியார் ஜாக்கெட்டின் கொக்கிகளைக் கழற்ற ஆரம்பித்தார். ஈரத்தில் ஒரு கொக்கி கழலவில்லை. இழுத்ததில் தையல் விட்டுவிட்டது. தையல்காரர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜாக்கெட்டை டாக்டரின் தோளில் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

நாலாவது கம்பம் அவரைக் கண்டதும் உற்சாகமாக வண்டியில் ஏறியது. ஜாக்கெட் இல்லை என்று பார்த்ததும் இறங்கிவிட்டது. ஜாக்கெட் பின்னால் வருகிறது என்று கத்திவிட்டுப் போனார். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்று எல்லாரும் அதேபோல ஏறி இறங்கினார்கள். ஒன்பதாவதில் நின்றவர் ஓய்வுபெற்ற வங்கிக் காசாளர், விதிமுறையைத் தலைகீழாக ஒப்பிப்பவர். நடுச்சாலையில் கையை விரித்து மறித்துவிட்டார். கடைசி வண்டி தனியாக முன்னால் போவது எந்த விதியில் இருக்கிறது என்று கேட்டார்.

"நான் இப்ப கடைசி வண்டி இல்ல சார். வழிய விடுங்க."

காசாளர் வழியை விட்டார். அந்தக் குரலை அவர் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

பத்தாவது திருப்பத்தில் குவாரி லாரிகளுக்கான பழைய எடைமேடை இருந்தது. பக்கத்தில் பூட்டிய சின்ன அறை, அதற்கு ஒரு ஆள் நிற்கிற அளவு கூரை. டீச்சர் கூரைக்கடியில் நிற்கவில்லை. கம்பம் கண்ணில் படுகிற இடத்தில் நிற்க வேண்டும் என்பதால் சாலை ஓரத்தில் முழு மழையில் நின்றுகொண்டிருந்தார். நின்று ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ஒற்றை வண்டியைப் பார்த்ததும் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். யார் என்று தெரிந்ததும் கை கீழே இறங்கிவிட்டது.

கடைசியார் வண்டியை நிறுத்தி இறங்கினார். வழியெல்லாம் சேர்த்துவைத்த சொற்கள் எங்கே போயினவோ, பேக்கரிக்காரரின் கார்புரேட்டரைப் பற்றித்தான் வாய் பேசியது. டீச்சர் முழுவதும் கேட்டார்.

"ஜாக்கெட் எங்க?"

"டாக்டர்கிட்ட குடுத்துட்டேன்."

"நின்ன வண்டிய விட்டுட்டு வந்தீங்களா?"

"ஆமா."

டீச்சர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். முகத்தை வழித்துவிட்டுக்கொண்டார், மழையையா வேறு எதையாவதா என்று தெரியவில்லை. ஆள் பற்றாமல் போனதை எண்ணிப் பார்த்திருக்கலாமே டீச்சர் என்று கடைசியார் மெதுவாகச் சொன்னார். கூரைக்கடியிலாவது நின்றிருக்கலாம், ஜுரம் வந்தால் திங்கட்கிழமை எப்படி வண்டி ஓட்டுவது என்றார்.

"எனக்கு எண்ணத் தெரியாதா? மேட்டு வழியா வந்தா எட்டே திருப்பம். இந்த வழியில பத்து. காலையில பெட்ரோல் பங்கிலேயே எண்ணிப் பாத்துட்டுத்தான் இந்த வழியப் பிடிச்சேன்."

அவருக்கு விளங்க நேரமாயிற்று. டீச்சர் பொறுத்திருந்தார். கிளட்சை மெதுவாக விடு என்று எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தவர்.

"மூணு வருஷம் கூப்பிட்டேன், வரலை. கூப்பிட்டா வர மாட்டீங்க. ஆனா கம்பம் நிக்கிறவங்களை விட்டுட்டுப் போக மாட்டீங்கல்ல? மத்தவங்கள முகாமுக்கு அனுப்பிட்டா கடைசியில நீங்களும் நானும்தான். இந்த ஆறு கிலோமீட்டர் ஒண்ணா போகலாம்னு நினைச்சேன். அவ்வளவுதான் ஆசை."

கடைசியார் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பதினோரு வருடம் நெஞ்சுக்குள் மடித்து வைத்திருந்ததை எந்த முனையைப் பிடித்து இழுப்பது என்று தெரியவில்லை.

"உங்க சீட் ஒரு வாரம் முன்னாடியே தைச்சாச்சு டீச்சர்" என்றார். "குடுக்க மனசு வரலை. போகாதீங்க."

சொல்லிவிட்டார். ஐம்பத்து மூன்று வயதில், வாயில் மழைத்தண்ணீர் போக, ஒரு சொல் சொல்லிவிட்டார்.

டீச்சர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. போன வருடம் சொல்லியிருந்தால் ஸ்கூலை விற்றிருக்க மாட்டேன் என்றார். இப்போது வீட்டுச் சாவியும் கைமாறிவிட்டது. மருமகள் தாயில்லாப் பெண். பிரசவத்துக்கு வருகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. அதை மாற்ற மாட்டேன். திங்கட்கிழமை போகத்தான் போகிறேன் என்றார். அதில் கோபம் இல்லை. அவருக்கும் ஏக்கமாக இருந்தது என்பதைக் குரல் மறைக்கவில்லை. கடைசியாருக்கு எங்காவது உட்கார வேண்டும்போல இருந்தது. எடைமேடையின் இரும்புச் சட்டத்தில் உட்கார்ந்தார். ஜாக்கெட் வராமல் கம்பம் நகர முடியாது. அதனால் டீச்சர் நின்றார், அவர் உட்கார்ந்திருந்தார்.

ஜாக்கெட் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த நேரத்தில் அவர்கள் பேசியது அதிகம் இல்லை. அந்த ஊரில் மழை எப்படி என்று இவர் கேட்டார். இங்கே மாதிரித்தான் என்றார் டீச்சர். வண்டிகள் உண்டா என்றார். வண்டி இல்லாத ஊர் எது, வீட்டுக்கு எதிர்த்த தெரு முழுக்க மெக்கானிக் கடைகள்தான் என்றார் டீச்சர். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்கன்னு சொல்ல மாட்டேன். நான் கையை நீட்டினேன்னு நீங்க அந்தப் பக்கம் திரும்பினா, அப்புறம் காலம் பூரா அது எனக்காக வந்ததா ஆயிடும். போதும், நான் கூப்பிட்டது."

 கடைசியார் தம் சந்துக் கடையை நினைத்தார். வாடகைச் சந்து. தங்கைகள் மூவரும் அவரவர் வீட்டில் நன்றாக இருக்கிறார்கள். அம்மாவின் கட்டில் மடித்துச் சுவரில் சாய்த்திருக்கிறது. யாரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்த வேண்டும் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார். அந்த வீட்டில் அனுப்ப வேண்டியவர்கள் எல்லாரும் போய் நாலு வருடம் ஆகிவிட்டது.

கடைசியில் வண்டிச் சத்தம் கேட்டது. ஸ்டுடியோக்காரர் முதலில் வந்தார், அவர் வண்டியில் கட்டிய கயிற்றில் பேக்கரிக்காரர் மிதந்து வந்தார். பின்னால் காசாளர்வரை ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லாருக்கும் பின்னால் தமக்குப் பெரிதான ஆரஞ்சு ஜாக்கெட்டில் டாக்டர் வந்தார். டீச்சர் அவர்களை எண்ணினார். ஹெல்மெட்டை மாட்டி, எஞ்சினைக் கிளப்பி, வரிசைக்கு முன்னால் போய்க் கியர் போட்டு நின்றார். டாக்டர் கடைசியாரின் அருகே வந்து ஜாக்கெட்டைக் கழற்றினார். அப்பாடா, இந்த வேலை நமக்கு ஒத்துவராது, பிடியுங்கள் என்று நீட்டினார்.

கடைசியார் கை நீட்டவில்லை.

"நீங்களே போட்டுக்கங்க டாக்டர்" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. "அடுத்த வருஷம் நான் இந்த ஊர்ல இருக்க மாட்டேன்."

முன்னால் நின்றிருந்த டீச்சர் எஞ்சினை அணைத்தார்.